புதிய ஆசிரியரின் வகுப்பறைக்கு ஒரு வழிகாட்டி வேண்டும்: பள்ளிக் கல்வித் துறைக்குத் திறந்த மடல்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவன இயக்குநர் அவர்களுக்கும், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் மாநிலத் திட்ட இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

நியமன ஆணை பெற்று முதன்முறையாக அரசுப் பள்ளிக்குள் நுழையும் ஒவ்வோர் ஆசிரியருக்கும், பணியின் முதல் இரண்டு ஆண்டுகளில், அவருடைய வகுப்பறைக்கே வந்து, உடனிருந்து பார்த்து, பேசி, பழக்கி, மீண்டும் வந்து பார்க்கும் வழிகாட்டி ஒருவரைத் துறை தர வேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். அந்த வழிகாட்டிக்கு ஆய்வு அலுவலரின் அதிகாரம் எதுவும் இருக்கக் கூடாது; வகுப்பில் அவர் பார்த்தது மதிப்பெண்ணாகவோ அறிக்கையாகவோ மேலே போகக் கூடாது. இந்த இரண்டும் காப்பாற்றப்பட்டால்தான் திட்டம் நிற்கும் என்பது என் உறுதியான கருத்து. பட்டதாரி ஆசிரியராகவும், பின்னர் ஒன்றிய அளவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பயிற்சி கொடுத்த மேசையின் பக்கமும் பயிற்சி பெற்ற பெஞ்சின் பக்கமும் எனக்குத் தெரியும் என்பதால் இதைச் சொல்லத் துணிகிறேன்.

இன்று புதிதாகப் பணியில் சேர்பவர் யார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2010 ஆகஸ்டில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் ஆசிரியர் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் அத்தேர்வு முதன்முதலாக 2012 ஜூலையில் நடந்தது. தகுதித் தேர்வில் வென்றவர்கள் பணி நியமனத்துக்குத் தனியே ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்று 2018-இல் அரசாணை வந்தது. தொடக்க வகுப்புகளுக்கு நடத்தும் இடைநிலை ஆசிரியர்களுக்கான அந்தப் போட்டித் தேர்வோ 2024 ஜூலையில்தான் நடந்தது. ஆகவே, இன்று மூன்றாம் வகுப்பின் முன் புதிதாக நிற்கும் ஒருவர், 2013-இலேயே தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்று, திருமணம், குழந்தை, குறைந்த சம்பளத்துக்குத் தனியார் பள்ளி வேலை, இரவெல்லாம் போட்டித் தேர்வுப் படிப்பு என்று பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்தவராக இருக்கலாம். அவர் கடந்து வந்த தேர்வுகள் அவருடைய அறிவைச் சோதித்தன. நான்கு விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க அவருக்குத் தெரியும். முப்பது குழந்தைகளில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு வகுப்பில் முதல் பத்து நிமிடத்தை எப்படி நடத்துவது என்பதை எந்தத் தேர்வும் அவரிடம் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

அவர் போய்ச் சேரும் இடமும் பெரும்பாலும் எளிதான இடமாக இருப்பதில்லை. மூத்தவர்களுக்கான மாறுதல் கலந்தாய்வு முடிந்து எஞ்சிய காலியிடங்களே புதியவர்களுக்கு மிச்சம். தென்காசியிலோ விருதுநகரிலோ பிறந்து வளர்ந்தவர் ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்குப் போகிறார்; அல்லது கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தளி ஒன்றியத்தில், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைகளுக்குத் தமிழில் எழுத்தறிவிக்கப் போகிறார். வாடகை வீடு தேட வேண்டும், பேருந்து நேரம் தெரிந்துகொள்ள வேண்டும், பள்ளி, மாணவர் விவரங்களுக்கான எமிஸ் இணையதளத்தில் வருகைப் பதிவு செய்யக் கற்க வேண்டும், காலை உணவையும் மதிய உணவையும் கவனிக்க வேண்டும். ஈராசிரியர் பள்ளியாக இருந்து, தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால், அன்றைக்கு ஐந்து வகுப்புகளும் அவர் ஒருவர் பொறுப்பு. மூத்த ஆசிரியர்களுக்கே மூச்சு முட்டும் பணியிடத்தை அனுபவமே இல்லாதவரிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டாண்டு கழித்துத் தகுதிகாண் பருவம் முடிந்ததாக ஆணை வழங்குகிறோம். அந்த இரண்டாண்டில் அவர் கற்றுக்கொண்டது அவருடைய சொந்த முயற்சி. கற்றுக்கொள்ளாதது அந்தக் குழந்தைகளின் இழப்பு.

துறை எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தையை வகுப்பைக் கொண்டு பாராமல் அதன் கற்றல் நிலையைக் கொண்டு பார்க்க வேண்டும் என்ற சரியான இடத்திலிருந்து புறப்பட்டது. ஆசிரியர் கையேடு வருகிறது, பயிற்சி நூல் வருகிறது, பருவந்தோறும் பயிற்சி நடக்கிறது, அருகிலுள்ள சில பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையத்தில் கூடிப் பேச வாய்ப்பும் கிடைக்கிறது. ஆனால் அப்பயிற்சி ஆசிரியரை வந்தடையும் விதத்தைக் கவனியுங்கள். மாநில அளவில் முதன்மைக் கருத்தாளர்கள், அதாவது பிறருக்குப் பயிற்சி தரப்போகிறவர்கள், கற்கிறார்கள். அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்குச் சொல்கிறார்கள். அவர்கள் வட்டாரக் கருத்தாளர்களுக்கு. கடைசியில் ஒரு நடுநிலைப் பள்ளியின் கூடத்தில், திரையில் ஓடும் படங்களின் வழியாக, அது ஆசிரியரின் காதுக்கு வருகிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைக் குழந்தைகளை ஒரே நேரத்தில் ஈடுபடுத்த வேண்டும் என்பது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் புரிகிறது. மறுநாள் காலையில் அரும்பு நிலைக் குழந்தைகளோடு ஆசிரியர் தரையில் உட்கார்ந்ததும் மலர் நிலைக் குழந்தைகள் ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுச் சண்டை பிடிக்கத் தொடங்கும்போது என்ன செய்வது என்பது, அந்த வகுப்பில், அந்த நேரத்தில், பக்கத்தில் ஒருவர் இருந்தால் மட்டுமே கற்கக்கூடியது.

நான் கேட்கும் வழிகாட்டல் எப்படி இருக்கும் என்பதை ஒரு வகுப்பைக் கொண்டு விளக்குகிறேன்; இத்தகைய வகுப்புகளை நான் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பு, நீரைப் பற்றிய பாடம். ஆசிரியை நன்றாகத் தயாரித்து வந்திருக்கிறார்; படம் வரைந்து ஒட்டியிருக்கிறார்; குரல் தெளிவாக இருக்கிறது. நீர் எங்கிருந்தெல்லாம் நமக்குக் கிடைக்கிறது என்று கேட்கிறார். கேட்டு முடிப்பதற்குள் முன் வரிசையிலிருந்து இரண்டு குரல்கள் ‘ஆறு, குளம்’ என்கின்றன. மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள். ‘புரிந்ததா?’ என்று கேட்க, ‘புரிந்தது டீச்சர்’ என்று வகுப்பே ஒரே குரலில் பாடுகிறது. ஆசிரியை மன நிறைவோடு அடுத்த பகுதிக்குப் போகிறார்.

பின்னால் உட்கார்ந்திருக்கும் வழிகாட்டி ஒரு தாளில் குழந்தைகள் அமர்ந்திருக்கும் வரிசையை அப்படியே கட்டங்களாக வரைந்து, யார் தனியாக வாய் திறந்தார்களோ அந்தக் கட்டத்தில் மட்டும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வருகிறார். பாடவேளை முடிந்ததும் அந்தத் தாளை ஆசிரியையின் முன் வைக்கிறார். கோடுகள் எல்லாம் நான்கு கட்டங்களில் குவிந்திருக்கின்றன. சுவரோரத்தில் இருந்த வரிசை முழுதும் வெறுமையாக இருக்கிறது. வழிகாட்டி எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தாளைப் பார்த்த ஆசிரியையே, ‘சார், அந்தப் பக்கம் ஒருத்தரும் பேசவே இல்லையே’ என்பார். அடுத்த கேள்வி ஒன்றே ஒன்று: அந்த வரிசையையும் பேச வைக்க நாளைக்கு எதை மாற்றிச் செய்து பார்க்கலாம்? கேள்வியைக் கேட்டு, மனத்துக்குள் மூன்று எண்ணி, பிறகு ஒரு குழந்தையைப் பெயர் சொல்லி அழைப்பது என்று இருவரும் முடிவு செய்கிறார்கள். கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவுகூடக் காத்திருப்பதில்லை என்பதையும், அதை மூன்று வினாடியாக நீட்டினாலே குழந்தைகளின் பதில் நீளமாகிறது, அதிகம் பேர் பேசுகிறார்கள் என்பதையும் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே கண்டறிந்து எழுதினார். அரை நூற்றாண்டாகத் தெரிந்த செய்திதான். ஆயினும் கேள்வி கேட்டுவிட்டு மூன்று வினாடி அமைதியாக நிற்பது புதிய ஆசிரியருக்கு மிகவும் கடினம். அந்த அமைதி அவருக்கு வகுப்பு கைவிட்டுப் போவதைப் போலத் தோன்றும். ஆகவே, குழந்தைகள் சாப்பிடப் போன பிறகு, காலியான அறையில், வழிகாட்டி குழந்தையின் இடத்தில் உட்கார, ஆசிரியை மறுநாள் பாடத்தின் கேள்விகளைக் கேட்டு, காத்திருந்து, பெயர் சொல்லி அழைத்து ஒத்திகை பார்க்கிறார். முதல் இரண்டு முறையும் அவசரப்பட்டுவிடுவார். நான்காவது முறை வந்துவிடும்.

பதினைந்து நாளுக்குள் அதே வழிகாட்டி மீண்டும் வருகிறார். அதே கட்டத் தாள், அதே கோடுகள். இப்போது சுவரோர வரிசையிலும் கோடு விழுந்திருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள். விழுந்திருந்தால் அடுத்த பழக்கத்துக்குப் போகலாம். இல்லையென்றால் இதிலேயே இன்னும் சிறிது காலம் இருக்கலாம்.

ஒரு பார்வைக்கு ஒரு மாற்றம் என்ற அளவோடு நிற்பதுதான் இதில் கடினமானது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அனுபவமுள்ளவர் ஒரு புதியவரின் வகுப்பைப் பார்த்தால் இருபது குறைகள் கண்ணில் படும். கரும்பலகை எழுத்து, குழு அமைப்பு, கற்றல் விளைவைப் பலகையில் எழுதாதது, கையேட்டைத் தாண்டிப் போனது என்று பட்டியல் நீளும். அத்தனையையும் சொல்லிவிட்டு வருவதை நாம் கடமையாகக் கருதிப் பழகிவிட்டோம். கேட்பவரோ அத்தனைக்கும் தலையாட்டிவிட்டு மறுநாள் எதையும் மாற்றாமல் பழையபடியே நடத்துவார். எதிலிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியாது. எதை இன்றைக்கு எடுப்பது, எதை ஆறு மாதம் தள்ளிப் போடுவது என்று முடிவு செய்யும் தேர்ச்சியே வழிகாட்டியின் முதன்மைத் தகுதி. முதல் பருவத்தில் வகுப்பின் ஒழுங்கும் நேரமும். அதன் பின் கேள்வி கேட்பதும் எல்லோரையும் பேச வைப்பதும். அதன் பின் குழந்தையின் பிழையைப் படிப்பது. இரண்டாம் ஆண்டில் பாடத்தைத் தானே திட்டமிட்டுக் கையேட்டைத் தேவைக்கு ஏற்ப வளைப்பது. ஏறத்தாழ இந்த வரிசையில் போகலாம் என்பது என் எண்ணம். ஆனால் அதை இறுக்கமான அட்டவணையாக அச்சிட்டு எல்லா வட்டாரத்துக்கும் அனுப்பிவிட வேண்டாம். வரிசையை முடிவு செய்ய வேண்டியவர் அந்த வகுப்பைக் கண்ணால் பார்த்தவர்.

குழந்தையின் பிழையைப் படிப்பது என்றேன். 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் குழந்தைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. புதிய ஆசிரியர் அதைச் சுழித்துவிட்டு, கடன் வாங்கும் முறையைக் கரும்பலகையில் மீண்டும் அதே வேகத்தில் செய்து காட்டுவார். குழந்தை மீண்டும் 35 என்றே எழுதும். அது கவனக்குறைவால் வந்த விடை அன்று. ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று அந்தக் குழந்தை ஒரு விதியை வைத்திருக்கிறது, அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. ‘எப்படிச் செய்தாய், எனக்குச் சொல்லிக் காட்டு’ என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் இரண்டே நிமிடத்தில் அந்த விதி வெளியே வரும். பத்துக் குச்சிக் கட்டு ஒன்றை அவிழ்த்துக் காட்டினால் அது தளரத் தொடங்கும். இதைப் பயிற்சிக் கூடத்தில் சொன்னால் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். தம்முடைய வகுப்பில், தமக்குப் பெயர் தெரிந்த ஒரு குழந்தையிடம், வழிகாட்டி இப்படிக் கேட்பதைப் பார்த்த ஆசிரியர் அடுத்த நாளிலிருந்து சிவப்பு மையைச் சற்று நிதானமாகவே எடுப்பார்.

இப்போது அதிகாரத்தைப் பற்றி. இன்று ஓர் அரசுப் பள்ளி வகுப்பறைக்குள் வெளியிலிருந்து வருபவர்கள் குறைவில்லை: வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், ஆசிரியர் பயிற்றுநர், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவன விரிவுரையாளர். எல்லோரும் நல்ல நோக்கத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் அவர்கள் கையில் செயலியும் படிவமும் இருக்கின்றன. வகுப்பறை நோக்கல் படிவத்தில் ஆம், இல்லை என்று நிரப்பப்படும் ஒவ்வொரு கட்டமும் எங்கோ ஒரு தொகுப்பில் சேர்ந்து, வட்டாரத்தின் பெயரோடு ஒரு வண்ணமாக மாறி, மாதாந்திரக் கூட்டத்தில் ஒருவரை எழுந்து நிற்க வைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே, வண்டிச் சத்தம் கேட்டதும் புதிய ஆசிரியர் நன்றாகப் படிக்கும் குழந்தைகளை முன்னால் உட்கார வைக்கிறார். ஏற்கெனவே நடத்தி முடித்த பாடத்தையே மீண்டும் நடத்துகிறார். பாடக்குறிப்பேட்டை மேசையின் மேல் எடுத்து வைக்கிறார். அவர் மேல் தவறில்லை. தன்னை மதிப்பிட வருபவரிடம் தன் பலவீனத்தை யாரும் காட்ட மாட்டார்கள். வழிகாட்டலுக்கோ அந்தப் பலவீனம்தான் மூலப்பொருள். ‘சார், எனக்குப் பின்னக் கணக்கு நடத்தவே பயமாக இருக்கிறது’ என்று ஒருவர் வாய் திறந்து சொல்லும் இடம் துறையில் எங்காவது ஓரிடமாவது இருக்க வேண்டும்.

இதனால் ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளி நேரத்துக்குத் திறக்கிறதா, குழந்தைகள் வருகிறார்களா, பாடம் நடக்கிறதா என்று பார்ப்பது அரசின் கடமை. தகுதிகாண் பருவம் நிறைவாக முடிந்ததா என்று சொல்லும் பொறுப்பும் யாருக்காவது இருந்தாக வேண்டும். அது தலைமையாசிரியரிடமும் வட்டாரக் கல்வி அலுவலரிடமும் இருக்கட்டும். வழிகாட்டி அந்தப் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பதே என் கோரிக்கை. அவருடைய குறிப்பேடு அவருக்கும் அந்த ஆசிரியருக்கும் மட்டும் உரியது என்றும், தகுதிகாண் பருவ ஆணைக்கோ, ஒழுங்கு நடவடிக்கைக்கோ, மாறுதலுக்கோ அதைச் சான்றாகக் கேட்கக் கூடாது என்றும் அரசாணையிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழி உறுதி போதாது; அடுத்து வரும் அலுவலர் மாற்றிக் கேட்பார். குழந்தையின் உடலுக்கோ மனத்துக்கோ தீங்கு நேர்வதைக் கண்டால் மட்டும் அவர் உடனே சொல்லக் கடமைப்பட்டவர். வேறு விலக்கு வேண்டாம். செயலியில் அவர் பதிய வேண்டியது எந்தப் பள்ளி, எந்த நாள் என்பதோடு நின்றுவிட வேண்டும்.

இந்தப் பணிக்கு ஆள் எங்கே என்று கேட்பீர்கள். ஆசிரியர் பயிற்றுநர் என்ற பதவி, ஆசிரியருக்கு வகுப்பறையில் துணை நிற்க வேண்டும் என்ற நோக்கத்தோடுதான் அனைவருக்கும் கல்வி இயக்கக் காலத்தில் உருவானது. காலப்போக்கில் அவர்கள் தலையில் விழாத வேலை இல்லை. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், எமிஸ் விவரச் சரிபார்ப்பு, கட்டடப் பணி விவரம், விழா ஏற்பாடு, மாலைக்குள் அனுப்ப வேண்டிய அவசரப் புள்ளிவிவரம் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, வகுப்பறைக்குப் போவது மீதி நேரத்து வேலையாகிவிட்டது. எல்லோரையும் அதிலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்டால் நடக்காது என்பது எனக்குத் தெரியும். புதிய ஆசிரியர்கள் உள்ள ஒவ்வொரு வட்டாரத்திலும் இருவரையோ மூவரையோ மட்டும் பெயர் குறிப்பிட்டு, வேறு எந்தப் பணியும் தரக் கூடாது என்ற ஆணையோடு, இதற்கென ஒதுக்குங்கள்.

இன்னொரு சிக்கலையும் திறந்து பேச வேண்டும். ஆசிரியர் பயிற்றுநர்கள் பட்டதாரி ஆசிரியர் நிலையில் உள்ளவர்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியல் நடத்தியவரை ஒன்றாம் வகுப்பில் எழுத்து அறிமுகம் செய்வதற்கு வழிகாட்டியாக அனுப்புகிறோம். அவர் எவ்வளவு அக்கறையுள்ளவராக இருந்தாலும், ஆறு வயதுக் குழந்தை ‘ல’-வையும் ‘வ’-வையும் மாற்றி எழுதும்போது அடுத்து என்ன செய்வது என்பதை அவர் தம் கையால் செய்து பார்த்தவர் இல்லை. எதிரே இருக்கும் ஆசிரியருக்கும் அது தெரியும். தொடக்க வகுப்புகளுக்கான வழிகாட்டிகளைத் தொடக்கப் பள்ளிகளிலிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். பத்தாண்டுக்கு மேல் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளை எடுத்து, குழந்தைகளை வாசிக்க வைத்த இடைநிலை ஆசிரியைகள் எல்லா ஒன்றியத்திலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் யாரும் அவர்களை மேடையில் ஏற்றியதில்லை. அவர்களை மூன்றாண்டுக்கு மாற்றுப் பணியில் எடுத்து, பணிமூப்பும் ஊதியமும் பாதிக்காமல் காத்து, அவர்களுடைய பள்ளிக்கு மாற்று ஆசிரியர் கொடுத்துவிட்டு அழையுங்கள். மாற்று ஆசிரியர் கொடுக்காமல் எடுத்தால் ஒரு பள்ளியின் நலனைப் பறித்து இன்னொரு பள்ளிக்குக் கொடுத்ததாகிவிடும். உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடவாரியாக வழிகாட்டி தேவை. அதற்கு இன்றைய ஆசிரியர் பயிற்றுநர்கள் பொருத்தமானவர்கள்.

தேர்வு செய்யும் முறை எளிதாக இருக்கலாம்: விண்ணப்பித்தவரின் சொந்த வகுப்பைப் போய்ப் பாருங்கள், பிறகு வேறொருவர் பாடம் நடத்தும் காணொளி ஒன்றைக் காட்டி, அந்த ஆசிரியரிடம் என்ன பேசுவீர்கள் என்று பேசிக் காட்டச் சொல்லுங்கள். நன்றாகப் பாடம் நடத்துபவர் எல்லோருக்கும் அடுத்தவரின் கையைப் பிடித்துப் பழக்கும் பொறுமை இருப்பதில்லை.

ஒருவருக்கு எத்தனை ஆசிரியர் என்பதில்தான் திட்டம் வாழும் அல்லது சாகும். பன்னிரண்டு பேர், பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்று வைத்தால் மாதத்துக்கு 24 பார்வைகள். வேலை நாளுக்கு ஒன்று, சில நாளில் அருகருகே இரண்டு. ஒரு பாடவேளை பார்த்து, அரை மணி நேரமாவது பேசி, ஒத்திகையும் நடத்த இந்த அளவே சரியானது. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, தாளவாடி போன்ற இடங்களில் பேருந்தை நம்பிப் போவதானால் ஆறு அல்லது எட்டுப் பேருக்கு மேல் வைக்கக் கூடாது. ஆளில்லை என்று சொல்லி ஒருவருக்கு நாற்பது பேரை ஒதுக்கினால், பருவத்துக்கு ஒரு முறை தலை காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கி வரும் கண்துடைப்பாக அது முடியும்; அதற்குத் தொடங்காமலே இருக்கலாம். எண்ணிக்கையைக் குறைக்க வேண்டிய கட்டாயம் வந்தால், இரண்டாண்டை ஓராண்டாக்குங்கள், மாநிலம் முழுவதும் என்பதைச் சில மாவட்டங்கள் என்றாக்குங்கள். பார்வைகளின் இடைவெளியை மட்டும் நீட்டாதீர்கள்.

இந்த எச்சரிக்கைக்கு வெளிநாட்டு அனுபவமும் ஆதாரமாக இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் 230 பள்ளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. தாய்மொழியான செட்சுவானாவில் வாசிக்கக் கற்பிப்பதே அங்கே பொருள். ஒரு பகுதிப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்குப் பாடத்திட்டக் கையேடும் வாசிப்பு நூல்களும் கொடுத்து மையமான ஓரிடத்துக்கு அழைத்துப் பயிற்சி தந்தார்கள். இன்னொரு பகுதிக்கு அதே கையேடு, அதே நூல்களோடு, வகுப்பறைக்கு மாதந்தோறும் வந்து பார்க்கும் வழிகாட்டிகளைத் தந்தார்கள். இரண்டாண்டு முடிவில், வழிகாட்டி வந்த பள்ளிக் குழந்தைகளின் வாசிப்பு முன்னேற்றம், மையப் பயிற்சி மட்டும் பெற்ற பள்ளிகளில் கிடைத்ததைப் போல ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. செலவைக் குறைக்க, ம்புமலாங்கா மாகாணத்தில் ஆங்கிலம் கற்பிப்பதற்குக் கைப்பேசி, டேப்லெட் வழியாகவே வழிகாட்டிப் பார்த்தார்கள். மூன்றாண்டு முடிவில் நேரில் வந்த வழிகாட்டல் வாசிப்பை உயர்த்தியிருந்தது, தொலைவிலிருந்து செய்தது உயர்த்தவில்லை. வாட்ஸாப் குழுவும் காணொளிக் கூட்டமும் போதும் என்று யாராவது பரிந்துரைத்தால் இதை நினைவில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்த 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான கட்டுரையும் வழிகாட்டலின் பலனை உறுதி செய்தது. கூடவே, திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் குறைவதையும் அது காட்டியது. கென்யா 2015 முதல் துசோமே என்ற தன் வாசிப்புத் திட்டத்தில் ஏற்கெனவே பணியில் இருந்த கல்வி அலுவலர்களையே வகுப்பறைக்கு அனுப்பி, அவர்களுடைய பயணப்படியை வகுப்பறைப் பார்வையோடு இணைத்தது. பயணப்படி சிறிய செய்தியாகத் தோன்றலாம். தம் கைக்காசில் பெட்ரோல் போட்டு மலையேறிப் பழகிய பயிற்றுநர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்பது அவர்களைக் கேட்டால் தெரியும்.

புதிய ஆசிரியருக்கு நேரமும் வேண்டும். இங்கிலாந்தில் 2021 முதல் புதிய ஆசிரியருக்கு இரண்டாண்டு வழிகாட்டல் உண்டு. முதல் ஆண்டில் பாடவேளையில் பத்து விழுக்காடும் இரண்டாம் ஆண்டில் ஐந்து விழுக்காடும் அவருக்குக் குறைக்கிறார்கள். நம் ஈராசிரியர் பள்ளியில் அப்படிக் குறைக்க வழியில்லை. ஆனால் வழிகாட்டி வரும் நாளில் தலைமையாசிரியரைக் கூட்டத்துக்கு அழைக்காமல் இருக்க முடியும். முதல் ஓராண்டுக்குப் புதியவரைத் தேர்தல் பணி, கணக்கெடுப்புப் பணி ஆகியவற்றிலிருந்து இயன்றவரை விலக்கி வைக்கக் கோர முடியும். பருவத்துக்கு ஒரு நாள் அவர் அதே ஒன்றியத்தில் உள்ள ஒரு நல்ல வகுப்பைப் போய்ப் பார்த்துவர, அந்த நாளில் அவருடைய குழந்தைகளை வழிகாட்டியே வைத்துக்கொள்ள முடியும். இந்தக் கடைசி ஏற்பாட்டில் வழிகாட்டிக்கும் நன்மை உண்டு. அந்தக் குழந்தைகளோடு ஒரு முழு நாளைக் கழித்தவர் அதன் பிறகு எளிதாக அறிவுரை சொல்லிவிட மாட்டார்.

வழிகாட்டிகளுக்கும் பயிற்சி தேவை. அதையும் ஐந்து நாள் உறைவிடப் பயிற்சியாக முடித்துவிட வேண்டாம். மாதம் ஒரு நாள் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் அவர்கள் கூடி, ஆசிரியரின் ஒப்புதலோடு பதிவு செய்த ஓர் உரையாடலைக் கேட்டு, எந்த இடத்தில் தாங்களே அதிகம் பேசிவிட்டார்கள், எந்த இடத்தில் ஒன்றுக்கு மூன்றாகச் சொல்லிவிட்டார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். விரிவுரையாளர்களும் வகுப்பறையோடு விட்டுப்போன உறவை இதன் வழியே புதுப்பித்துக்கொள்ளலாம்.

செலவைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. புதிய கட்டடமோ புதிய செயலியோ இதற்கு வேண்டாம். மாற்று ஆசிரியருக்கான ஊதியமும், பயணப்படியும், மாதக் கூட்டச் செலவும்தான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியில் ஒன்றிய அரசின் பங்கு தாமதமானால் இத்திட்டமும் சேர்ந்து நின்றுவிடக் கூடாது என்பதால், இதை மாநில நிதியிலேயே வைக்குமாறு வேண்டுகிறேன். 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்ட அரசு, அதைச் செயலாக்கும் ஆசிரியரின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இந்த அளவு செலவிடுவது நியாயமானதே.

பலனை எப்படி அளப்பது என்பதில் மட்டும் ஒரு வேண்டுகோள். வழிகாட்டி எத்தனை பள்ளிக்குப் போனார் என்று எண்ணாதீர்கள். அந்த எண் எப்போதும் நூறு விழுக்காடாக வந்துவிடும். ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும், அந்த வட்டாரத்துக்குத் தொடர்பில்லாத சிலரைக் கொண்டு, சில பள்ளிகளில் குழந்தைகளை ஒவ்வொருவராக அழைத்து ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லியும், ஒரு கழித்தலைச் செய்யச் சொல்லியும் பாருங்கள். வழிகாட்டல் இல்லாத வட்டாரம் ஒன்றிலும் அவ்வாறே பாருங்கள். புதிய ஆசிரியர்களிடம் பெயர் கேட்காமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சென்ற முறை வழிகாட்டி வந்து போன பின் வகுப்பில் எதை மாற்றிச் செய்தீர்கள்? பதில் எழுத முடியாதவர்கள் பலர் இருந்தால், தவறு அவர்களுடையது என்று கொள்ளாமல் திட்டத்தைத் திருத்துங்கள்.

அடுத்த நியமனக் கலந்தாய்வுக்கு முன்பாக, புதியவர்கள் அதிகம் சேரும் வட்டாரங்களில் நான்கையோ ஐந்தையோ தேர்ந்தெடுத்து, அவற்றில் ஒன்றாவது மலை ஒன்றியமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, வழிகாட்டிகளின் பெயர்ப் பட்டியலையும், வேறு பணி தரக் கூடாது என்ற ஆணையையும், குறிப்பேடு மேலே போகக் கூடாது என்ற ஆணையையும் ஒருசேர வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நியமன ஆணையைக் கையில் வாங்கும் நாளிலேயே, தம் வழிகாட்டியின் பெயரும் அவர் முதன்முதலாக வகுப்புக்கு வரப்போகும் தேதியும் அந்த ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தேதி பணியில் சேர்ந்த மூன்றாவது வாரத்தைத் தாண்டாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பணி நிறைவு பெற்ற ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர்